வணக்கம் சொல்லும் பெட்டி

சீனியம்மாள் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"இருக்கட்டும் சார். தண்ணி குடிக்கிற பழக்கமே விட்டுப்போச்சு."

பங்குனி வெயிலில் வேலம்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மகள் செய்த கருவியைப் பார்க்க அரை நாள் லீவு. கழுத்தெல்லாம் வேர்வை. கூச்சப்படுகிறார் என்று நினைத்து, பாட்டிலைக் கருவிக்குப் பக்கத்திலேயே மேஜையில் வைத்தேன்.

எங்கள் கல்லூரியில் அன்று இயற்பியல் கண்காட்சி. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம். நான் ஆறுச்சாமி, அங்கே இருபது வருட வாத்தியார்.

மகள் அபிராமி தன் அம்மாவுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினாள்.

"வானத்துலருந்து மியூவான்னு ஒரு துகள் வருதும்மா. கண்ணுக்குத் தெரியாது, கூரையைத் துளைச்சிட்டு வரும். இந்த மேல் குழாய், கீழ்க் குழாய் ரெண்டையும் ஒரே நேரத்துல தாண்டினாத்தான் பெட்டி ஒண்ணுன்னு எண்ணும்."

நீல பிளாஸ்டிக் பெட்டி. முகப்பில் பச்சை வெளிச்சத்தில் ஓர் எண். உள்ளே இருந்த சிப்புக்கு ப்ரோகிராம் எழுதியது முழுக்க அபிராமிதான். பத்து நாள் நான் சொல்லிக்கொடுத்தேன். பதினோராம் நாள் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பெருமை தாங்காமல் பெட்டிக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தேன்: 'உருவாக்கியவர்: அபிராமி, மூன்றாம் ஆண்டு.'

சீனியம்மாளின் பார்வை பெட்டிக்குப் போகவில்லை. என் மேல்தான் இருந்தது.

"சார் போட்டிருக்கது எங்க கம்பெனி பனியன். இந்தக் காலரு எங்க லைன்ல அடிச்சது."

நான் டீ-ஷர்ட் காலரைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

பனியனைக் கொடுத்தவன் என்னோடு பள்ளியில் படித்தவன், அந்தக் கம்பெனியின் முதலாளி. தீபாவளிக்கு முன்பு ஒருநாள் வந்து, "ஏப்பா, ஒரு வாசல்ல எத்தனை பேரு போறாங்க வர்றாங்கன்னு எண்ணோணும். உன்னால முடியுமா?" என்று கேட்டான்.

அபிராமியின் ப்ரோகிராமை அப்படியே எடுத்தேன். இரண்டு குழாய்களுக்குப் பதிலாக இரண்டு ஒளிக்கற்றைகள். மைக்ரோ விநாடி என்றிருந்த இடத்தில் ஒரு விநாடி. என் மூளைக்கு இருந்த வேலை அவ்வளவுதான். இதே மாதிரி ஒரு நீலப் பெட்டியில் அடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய் மாட்டிவிட்டு வந்தேன். அபிராமியிடம் கேட்கவில்லை. பிறகு சொல்லவும் இல்லை.

ஒன்றை மட்டும் அதிலிருந்து நீக்க மறந்துவிட்டேன். மின்சாரம் வந்ததும் பெட்டி முதலில் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் காட்டும். அதன் பிறகுதான் எண்ணத் தொடங்கும். அபிராமியின் குறும்பு அது.

இப்போது முகப்பில் வெறும் எண்தான் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போகாதவரை பயமில்லை. ஆனாலும் பெட்டியை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றேன்.

கரண்ட் போனது.

இன்னும் ஒரு நிமிடத்தில் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார்கள். பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

"சார், இருங்க சார். அம்மா இன்னும் பாக்கவே இல்ல. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

தள்ளிக்கொண்டேன். வெளியே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. பெட்டி பச்சையாக ஒளிர்ந்து வணக்கம் சொன்னது.

"அடியாத்தி, இந்தப் பொட்டியா!" சீனியம்மாள் சிரித்துவிட்டார். "எங்க கம்பெனியிலயும் இருக்குல்ல. கரண்டு வந்தா வணக்கம் சொல்லுதுன்னு செக்கிங் பிள்ளைக படிச்சுச் சொல்லிச் சிரிக்கும்."

அபிராமி சிரிக்கவில்லை.

"எங்கம்மா மாட்டியிருக்கு?"

"கக்கூஸ் வாசல்லதான். அறுபது பேருக்கும் சேத்து ஒரு நாளைக்கு நூறு தடவதான். தாண்டுச்சுன்னா லைனுக்கே ஏச்சு விழும்."

எந்த வாசல் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்று நான் கேட்டபோது, பொம்பளைங்க இடுப்பு உயரம் போதும் என்றார்கள். அளந்துதான் மாட்டினேன். அடுத்த மாதமே என் தோழன் போன் செய்து, இருநூறுக்கு மேல் இருந்தது நூறுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நாம் எண்ணுகிறோம் என்பதற்காக மியூவான்கள் குறைந்துவிடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

சீனியம்மாள் நிமிர்ந்து, சுவரில் நான் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். மகள் பெயர் வந்த இடத்தில் அவர் குரல் நின்றது. பெட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு மகளின் கன்னத்தைத் தடவினார்.

"நீ செஞ்சதா தாயி? ஒண்ணு விடாம எண்ணுதுத்தா. இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவகூடத் தப்புனதில்ல."

குத்திக்காட்டவில்லை. மனசாரத்தான் பாராட்டினார்.

அபிராமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அங்கே மாட்டியது நான், உங்கள் மகளுக்கு இது தெரியவே தெரியாது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

சீனியம்மாளுக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அவர்கள் இருவருக்கும் முன்னால் நின்று நான் குடித்தேன்.