நாக்கு சாரின் கடிதம்

"அப்பா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க நாக்கு செத்துப் போச்சு. வந்தவர்கிட்ட நேரா சொல்லி அனுப்பிடுங்க."

மகன் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. வந்தவரோ முன்னறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

பெரியவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் தேயிலைக் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷமும் அவர் 'நாக்கு சார்'தான். நாற்பது கோப்பையை வரிசையாக வைத்தால், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, வாயில் உருட்டித் துப்பிவிட்டு, எந்த மாதம் பறித்த இலை, மலையின் எந்தப் பக்கம் என்று புட்டுப் புட்டு வைப்பார். அவர் உதட்டைப் பிதுக்கினால் ஒரு லாரி சரக்கு வந்த வழியே திரும்பிப் போகும்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஜலதோஷம் பிடித்தது. சாதாரண ஜலதோஷம்தான், பத்து நாளில் போய்விட்டது. போகும்போது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, டீ மட்டும் தெரியவில்லை. பார்வைக்கு நிறம் இருந்தது. வாயில் வைத்தால் வெந்நீர்.

"என்னம்மா டீ போட்டிருக்கே?" என்று முதல் வாரம் மருமகளிடம் குதித்தார்.

"எல்லாரும் இதைத்தானே குடிக்கிறோம் மாமா?" என்று அவள் கண்ணைக் கசக்கினாள்.

டாக்டரும், "வயசானா நுணுக்கமான ருசிதான் பெரியவரே முதல்ல போகும்" என்று முத்திரை குத்திவிட்டார். மூட்டுவலியால் வாசலைத் தாண்டாத மனிதர், வேறு எங்கே போய் ஒரு வாய் டீ குடித்துப் பார்ப்பார்? அன்றோடு வாயை மூடிக்கொண்டார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். விருந்தாளி விருட்டென்று எழுந்து நின்றார். ஒரு காலத்தில் இவருக்குக் கோப்பை எடுத்துக் கொடுத்தவர். இன்று அந்தப் பிரிவுக்கே தலைவர். பழக்கம் போகவில்லை.

"சார், முதலாளி ஒரே பிடியா நிக்கறார். வாரத்துல ஒரு நாள் கார் அனுப்பறோம். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து சொன்னாப் போதும். நீங்க சரின்னா உங்க நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டுடறேன்."

ஓய்வு பெற்ற ஏழு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாக்கு சார் காத்துக் கிடந்தார். வருகிற நேரம் பார்த்து வந்திருக்கிறது!

மருமகள் டீ கொண்டுவந்தாள். விருந்தாளிக்குப் பூப்போட்ட கோப்பை, மாமனாருக்கு அவருடைய பழைய பீங்கான் குவளை.

விருந்தாளி ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார். "அடடா! கம்பெனியிலேருந்து உங்களுக்கு மாசாமாசம் அனுப்பற பாக்கெட்தானே சார்? வறண்ட காத்துல பறிச்ச இலை. கடைசியில லேசா ஒரு பூ வாசனை வருது பாருங்க!"

நாக்கு சாரும் உறிஞ்சினார். வாயில் உருட்டினார். பூவும் இல்லை, இலையும் இல்லை. இன்னொரு வாய் குடித்தார். வெந்நீர்தான்.

"என்ன சார், சரியா சொன்னேனா?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ப்பா."

மகன் வாசற்படியில் நின்று தொண்டையைக் கனைத்தான். நாக்கு சார் முதலாளிக்கு எழுத ஒரு காகிதத்தை எடுத்தார். 'எனக்குத் தேயிலையின் ருசி தெரியவில்லை. என் இடத்தில் வேறொருவரை வைத்துக்கொள்ளவும்' என்று எழுதினார்.

விருந்தாளி பதறினார். "யோசிச்சு எழுதுங்க சார். இது வெளியில தெரிஞ்சா, நாளைக்கு ஒரு கம்பெனியும் உங்க வார்த்தையை மதிக்காது."

"தெரியட்டும். தெரியாததைத் தெரியும்னு சொல்லி நான் பழகலை."

கையெழுத்துப் போட்டார். உள்ளே போய், முப்பத்துநாலு வருஷம் வாயில் போய் வந்து ஓரம் தேய்ந்த வெள்ளிக் கரண்டியை எடுத்துவந்து விருந்தாளியின் கையில் வைத்து மூடினார். அவமானம் நெஞ்சை அறுத்தது. விருந்தாளிக்கு மிச்ச டீ இறங்கவில்லை. பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நல்ல காரியம் பண்ணீங்கப்பா" என்று தோளில் தட்டிவிட்டு மகன் சமையலறைப் பக்கம் போனான்.

நாக்கு சார் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே பூப்போட்ட கோப்பை. முன்னால் இருக்கும் கோப்பையைத் தொடாமல் எழுந்து அவருக்குப் பழக்கமில்லை. கை தானாகப் போயிற்று. ஆறிப்போன டீயை 'சுர்'ரென்று உறிஞ்சினார்.

வறண்ட காற்று வந்தது. மலையின் கிழக்குச் சரிவு வந்தது. கடைசியில், லேசாக, அந்தப் பூவும் வந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாக்கு திரும்பி வந்துவிட்டது! மூட்டுவலியை மறந்து எழுந்தார். மகனிடம் சொல்ல வேண்டும், உடனே காரைத் திருப்பச் சொல்லி போன் போட வேண்டும். தட்டுத்தடுமாறி சமையலறை வாசல்வரை போய்விட்டார்.

"வடிகட்டின இந்தத் தூளைக் கொட்டிடட்டுமா?" மகனின் குரல் கேட்டது.

"ஐயோ, கொட்டாதீங்க! எப்பவும் போல காய வெச்சு மாமா டப்பாவுல போடுங்க. நாலு நாளைக்கு ஓடும்" என்றாள் மருமகள். "நிறத்துக்குத்தான் மறுபடி சர்க்கரையைக் கருக்கணும்."

"இனிமே நிறம் எதுக்கு?" மகன் சிரித்தான். "நாக்கு செத்துப் போச்சுன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரே!"