நிமிர்ந்து பார்த்த கரடி

கம்சிகா மண்டபத்துக்குள் வருவதைக் கண்டதும் என் கைப்பையைத் தூக்கிப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன்.

அந்த வரிசையில் மிஞ்சியிருந்த ஒரே கதிரை அது. யாரோ வரப்போகிறார்கள் என்று அவள் நினைக்கட்டும் என்றுதான். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவள் கைப்பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

"பாத்தியளே றஜீனா, என்ன துணிவெண்டு?" மற்றப் பக்கம் இருந்த நாகேஸ்வரி அக்கா என் காதுக்குள் குசுகுசுத்தார். "நானெண்டால் வீட்டை விட்டு வெளிக்கிடவே மாட்டன்."

"ஓமக்கா" என்றேன்.

லண்டன் லூயிஷாமில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நான்தான் செயலாளர். கம்சிகா இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்தவள். லண்டனில் பிறந்த பிள்ளை, ஆனாலும் என்னைவிடத் திருத்தமாகத் தமிழ் எழுதுவாள். சின்னதுகள் எல்லாம் "கம்சி ரீச்சர், கம்சி ரீச்சர்" என்று அவள் பின்னாலேயே திரியும்.

மூன்று மாதத்துக்கு முதல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ரெயில் ஸ்ரேசன் பிளாற்போமில், ஒரு பெடியனின் தோளில் கம்சிகா சாய்ந்திருக்கிறாள். பல கை மாறி வந்த படம், முதலில் அனுப்பியது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நல்ல தெளிவு. அவளுடைய கண்ணிமைகூடத் தெரிந்தது.

எங்களுக்குக் கோபத்தைக் கிளப்பியதே அந்தக் கண்தான். தலையை நிமிர்த்தி, படம் எடுத்தவரையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெக்கமில்லாமல் கமராவையே பாக்கிறாள்" என்று எழுதி நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். அந்தக் கிழமையே அவளுடைய வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்தோம். "கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் பிள்ளை" என்று போனில் சொன்னதும் நான்தான். தகப்பன் தில்லையம்பலம் இன்றுவரை மகளோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம்.

அன்று மேடையில் நின்றவர் எங்கள் பள்ளித் தலைவர் புவனேந்திரன் அண்ணை. நோர்வேக்கு வடக்கே, பனிக்கடலுக்குள் கப்பலில் கூட்டிக்கொண்டு போய்ப் பனிக்கரடி காட்டும் ஒரு சுற்றுலா இருக்கிறது. அதற்குப் போய் எடுத்த படங்களைப் பெரிய திரையில் போட்டு, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மேசையில் கை நீளத்துக்கு ஒரு லென்ஸ்.

"இதை வாங்கி ஆறு மாசம் பழகினாப் பிறகுதான் கப்பல் ஏறினனான். குருவி, அணில், ஓடுற ரெயின், றோட்டாலை போற ஆக்கள்... கண்டதையெல்லாம் எடுத்தன். எவ்வளவு தூரத்திலை நிண்டாலும் மூக்கிலை கிடக்கிற பனித்துளிகூடத் தெரியும்."

உண்மைதான். படங்கள் அவ்வளவு அழகு. கடைசியாகத் தாய்க்கரடி ஒன்று வந்தது. பனிக்கட்டி மேல் படுத்திருந்து குட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"இனித்தான் முக்கியமான படம்" என்று அண்ணை பொத்தானை அழுத்தினார்.

திரை கறுப்பாக இருந்தது.

"படம் இல்லை. ஏனெண்டால், நான் எடுக்கேல்லை" என்றார். "அந்த நேரம் பாத்து அது தலையை நிமித்தி எங்களைப் பாத்தது. எங்களைக் கூட்டிக்கொண்டு போன நோர்வேக்காரப் பெட்டை உடனை சொன்னாள், 'அது நிமிந்து பாத்துதெண்டால், நீங்கள் அதின்ரை நிம்மதியைக் கெடுத்துப்போட்டியள். கமராவைக் கீழை வையுங்கோ' எண்டு. கப்பலையும் பின்னுக்கு எடுத்தாச்சு. என்ரை சீவியத்திலையே ஆக நல்ல படம் அது. விட்டிட்டன்."

மண்டபம் முழுக்கக் கை தட்டியது. நாகேஸ்வரி அக்கா கண்ணைத் துடைத்தார். எவ்வளவு பண்பான மனுசன்!

"ஆருக்கும் கேள்வி இருக்கே?"

"மாமா, எனக்கொரு கேள்வி" என்று பின்னாலிருந்து கம்சிகாவின் குரல். நாகேஸ்வரி அக்கா என் கையைக் கிள்ளினார்.

மேடை வெளிச்சம் கண்ணில் அடித்ததாலோ என்னவோ, கேட்பது யாரென்று அண்ணைக்குத் தெரியவில்லை. "கேளுங்கோ பிள்ளை, கேளுங்கோ!"

"நிமிந்து பாத்தாப் பிறகும் ஒராள் படம் எடுத்தால்?"

"அது பெரிய பாவம், பிள்ளை!" அண்ணையின் குரல் உயர்ந்தது. "தன்ரை பாட்டிலை இருக்கிற ஒரு சீவனைக் களவாப் பிடிச்சு ஊருக்குக் காட்டுறது மனிசத்தனமே? அப்பிடியான ஆளின்ரை கையிலை கமராவே குடுக்கக்கூடாது!"

திரும்பவும் கைதட்டல். எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன்.

கம்சிகா சுவரை விட்டு நகர்ந்து, கதிரைகளுக்கு நடுவால் நடந்து, மேடை வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள். அந்தப் படத்தில் பார்த்த அதே பார்வை.

அண்ணையின் கை மெல்ல நீண்டு, மேசையில் கிடந்த லென்ஸை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தது.

கம்சிகா அமைதியாகக் கேட்டாள்.

"அப்ப, பிளாற்போமிலை நான் உங்களை நிமிந்து பாத்தாப் பிறகும் ஏன் மாமா எடுத்தனீங்கள்?"