இனிஷல் இல்லாத பெயர்

“இனிஷலைக் காணேல்லை. தேப்பன் ஆரெண்டு சொல்ல வெக்கமாக்கும்” என்றார் சண்முகலிங்கம், கடித உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி.

எதிர்க் கதிரையில் இருந்த சீமோன் சிரிப்பைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினான். “அண்ணை, பிரெஞ்சுக்காரருக்கு இனிஷல் கிடையாது. உது குடும்பப் பெயர். ஃபூர்னியே.”

உறையின் மூலையில் அனுப்பியவர் பெயராக அந்த ஒரு சொல்தான் இருந்தது. கீழே பிக்கரிங் நகர விலாசம். எழுத்து என்னவோ மகன் மகேஸ்வரனுடையது. உள்ளே இரண்டே வரி: ‘ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாங்கோ. மொனிக்கும் நானும் ஸ்ரேசனுக்கு வருவம்.’ அடியில் ஒரு தொலைபேசி இலக்கம்.

பதினாலு மாதத்துக்கு முன்பு மொனிக் என்ற பெண்ணைப் பற்றி மகன் போனில் சொன்னபோது சண்முகலிங்கம் கேட்டது ஒரே கேள்விதான். “அவை ஆர் ஆக்கள்?” மகன் போனை வைத்துவிட்டான். 1988 செப்டம்பரில் இந்த உறை வரும்வரை வேறு பேச்சில்லை.

அந்தக் கேள்வியில் அவர் ஊரில் நிபுணர். காணிக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் உறுதிப் பத்திரங்களோடு குடியிருந்தவர். பெயரைச் சொன்னால் போதும், உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எந்த வீட்டுக்குள் எந்த வாசலால் போனார் என்று சொல்லிவிடுவார். கடல் கடந்து வோபர்னில் பதினோராம் மாடிக்கு வந்த பிறகு அவரிடம் எவரும் பெயர் சொல்லவில்லை. லிஃப்டில் ஏறியவர்கள் மாடி இலக்கத்தை மட்டும் சொன்னார்கள்.

எட்டாம் மாடிச் சீமோன் மொன்றியலில் மூன்று வருடம் ஒரு பிரெஞ்சுக்காரனின் பேக்கரியில் மாக் குழைத்தவன். ஊரென்றால் அவனைக் கதிரையில் இருத்தியிருக்க மாட்டார். இங்கே கேட்காமலே இரண்டாவது தேநீரும் ஊற்றினார்.

“சொல்லும், உதுக்கு என்ன கருத்து?”

“என்ரை முதலாளிக்கு உதிலை ஒரு விசர் அண்ணை. மாக் குழைக்கேக்கை ஒவ்வொரு பெயருக்கும் கதை சொல்லுவான். றுவா எண்டால் ராசா.”

சண்முகலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அரச வம்சமோ?”

“ஊர்க் கொண்டாட்டத்திலை ராசா வேசம் கட்டினவனாம். இல்லாட்டி ராசா மாதிரி நடப்புக் காட்டித் திரிஞ்சவனாம். சனம் நக்கலுக்கு வைச்ச பெயர்.” சீமோன் அவரை ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தான். “லெவெக் எண்டால் பிஷப்.”

“பிஷப்புக்கு எங்காலை ஐசே பிள்ளை குட்டி?”

“பிஷப் வீட்டிலை வேலைக்கு நிண்டவையாம்.”

“சரி, எங்கடை ஆளுக்கு வாருமன்.”

“ஃபூர் எண்டால் போறணை, பாண் சுடுற பெரிய அடுப்பு. முந்தி ஊருக்கே ஒரு போறணைதானாம், அதுவும் பிரபுவின்ரை. சனமெல்லாம் மாவைக் கொண்டுவந்து அதிலைதான் சுடவேணும். அந்தப் போறணைக்குப் பொறுப்பாய் நிண்டவன் ஃபூர்னியே.”

“ஆக, பாண் சுட்டவன்.”

“ஓம் அண்ணை. என்னைப் போலை.” சீமோன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான். “வேலைக்கு நேரமாச்சு.”

“இரும், இன்னொரு தேத்தண்ணி…”

“ரெண்டு குடிச்சாச்சு.” கதவடியில் நின்று திரும்பினான். “ஞாயிற்றுக்கிழமை போங்கோ அண்ணை. உங்களைச் சாப்பிடக் கூப்பிட இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?”

கதவு மூடியது. சண்முகலிங்கம் மகனுக்குச் சொல்லவேண்டியதை வாய்விட்டு ஒத்திகை பார்த்தார். “போறணைக்காரற்றை வாசலை நான் மிதிக்கேலாது.” குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி ஓய்ந்தது. வேறு எவரும் மறுத்துப் பேசவில்லை.

இரண்டாம் தரம் சொன்னபோது குரல் பாதியில் இறங்கிவிட்டது. மூன்றாம் தரம் சொல்லவில்லை. சீமோன் குடித்த கோப்பையைக் கழுவாமல் தன்னுடையதற்குப் பக்கத்தில் மேசையிலேயே விட்டார். இரண்டு கோப்பை கிடந்தால் ஆள் வந்துபோகிற வீடுபோல் இருந்தது.

கௌரவம் கெடாமல் இறங்கி வர ஒரு வழியைக் கண்டுபிடிக்க அவருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. கண்டுபிடித்ததும் இலக்கத்தைச் சுழற்றினார்.

“மகேஸ், அப்பா கதைக்கிறன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “விசாரிச்சனான். பாண் சுட்ட ஆக்கள். பறவாயில்லை. உனக்குக் கடைசிப் பெயர் என்ரை பெயர்தானே. கட்டினால் அவளுக்கும் அதுதான் வரப்போகுது. மிஸிஸ் சண்முகலிங்கம். அதோடை மற்றதெல்லாம் மறைஞ்சு போம். எனக்குச் சம்மதம்.”

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. “கலியாணம் மே மாதமே முடிஞ்சுது, அப்பா.”

சண்முகலிங்கம் மேசையில் கிடந்த இரண்டு கோப்பைகளையும் பார்த்தார். பதினாலு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல். போனை வைத்துவிட்டால் மறுபடி குளிர்சாதனப் பெட்டிதான்.

“சரி, விடு. நான் ஞாயிறு வாறன்.” ஒரு பெரிய காணியைத் தானமாக எழுதிக் கொடுப்பவர் போலச் சிரித்தார். “ஆனால் ஒண்டு. இனியாவது கடிதத்திலை அவளின்ரை பழைய பெயரைப் போடாதை. ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?”

“அது மொனிக்கின்ரை எண்டு போடேல்லை.” மகன் சொன்னான். “இப்ப அதுதான் என்ரை பெயர், அப்பா.”