ஒத்தைக் கதிரை

பங்களா வராந்தாவில செஸ் பலகைக்கு முன்னால ஒரு கதிரைதான் போட்டிருந்துச்சு. அதுல தேயிலைத் தோட்டத்துப் பெரிய தொரை உக்காந்திருந்தாரு. தொழிலாளிங்க குடியிருக்குற லயத்துல இருந்து கம்பஸ் போயி படிக்கிற புள்ள ஜெயந்தினி நின்னுகிட்டே ஆடணுமாம். பெரிய மனுசன் புத்தியப் பாருங்க.

அவ நேரா உள்ள போயி சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்ன இழுத்துட்டு வந்து எதிர்ல உக்காந்தா. படியில நின்ன அவ அம்மா மீனம்மா, வேணாம்டின்னு கையக் காட்டினா. தொரை முன்னால லயத்து ஆளுங்க யாரும் அது வரைக்கும் உக்காந்ததில்ல.

பூட்டிக் கெடக்குற பழைய கிளப் ஹால லயத்துப் புள்ளைங்க படிக்கத் தாங்கன்னு ஜெயந்தினி நடையா நடந்திருந்தா. கடைசியில தொரை சிரிச்சுகிட்டே, "எனக்கு செஸ் ரேட்டிங் ஆயிரத்து எழுநூறு. நீ டிரா பண்ணினாலே சாவி தர்றேன்"னாரு. அவளப் பத்தி ஒன்னும் கேக்கல.

மீனம்மாவுக்கு வேற பயம். போன வருசம் கேரம்ல தொரையத் தோக்கடிச்ச டிரைவர் சூசைரட்ணத்த, அடுத்த வாரமே எங்கயோ இருக்குற பொகவந்தலாவைத் தோட்டத்துக்கு மாத்திட்டாங்க. சாவி கெடைக்காட்டியும் பரவாயில்ல, வம்பு வேணாம்னு சாமியக் கும்பிட்டுகிட்டு நின்னா.

ஆட்டம் இழுத்துகிட்டே போச்சு. அந்தக் குளிர்லயும் தொரைக்கு வேர்த்துச்சு. ஒரு கட்டத்துல ஜெயந்தினி கை குதிரை வரைக்கும் போயிட்டு, தொடாமத் திரும்பி ராணிய எடுத்துச்சு. செக். ராஜா நகர்ந்தாரு. மறுபடி செக். மூணாவது தடவையும் அதே எடம், அதே செக்; அப்புடி வந்தா ஆட்டம் டிராதான்.

தொரை முந்திகிட்டு டிரான்னு கைய நீட்டினாரு. லயத்துப் புள்ளைக்கு இதுவே பெரிய விசயம்னு பக்கத்துல நின்ன ஆபீஸ் கிளாக்கர்கிட்ட தாராளமாச் சொல்லி, சாவிய எடுத்துக் குடுத்தாரு.

மலை எறக்கத்துல மீனம்மாவுக்குப் பெருமை தாங்கல. "அம்மாம் பெரிய ரேட்டிங்காரருகிட்ட டிரா பண்ணிட்டியேடி."

"எனக்கு ரெண்டாயிரத்து நூறும்மா. குதிரைய நகத்தியிருந்தா அப்பவே ஆட்டம் முடிஞ்சிருக்கும்."

மீனம்மா அவ கையப் புடிச்சு நிறுத்தி, ஏன்டி விட்டேன்னு கேட்டா.

"அவரு தோத்திருந்தா சாவி குடுத்திருப்பாரா?" ஜெயந்தினி சாவிய அம்மா கையில வச்சு மூடினா. "அடுத்த ஆட்டம் நம்ம ஹால்ல. அங்க நானும் ஒரு கதிரைதான் போடுவேன்."