எண்பது மூட்டைக் கசடு

ஜெயவேலு மாதம் ஆறு துப்பறியும் நாவல் படிப்பவர். படித்து என்ன பயன்? கீழ்க்கட்டளையில் உருப்படியாக ஒரு குற்றம்கூட நடக்காததால், ஐம்பத்திரண்டு வருஷமாக அவருடைய மூளை சும்மா கிடந்தது.

எண்பத்தெட்டாம் வருஷம் மே மாதம் அந்தக் குறை தீர்ந்தது.

வயலை பிளாட் போட்டு விற்ற கையோடு அவர் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அரிகிருஷ்ணன் ஆந்திராவில் ஓர் உருக்காலையில் இன்ஜினியர். பூமி பூஜைக்கு வந்தவர், சிமெண்ட்டைத் தான் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, மேஸ்திரி தனக்கோடியைத் தனியே அழைத்துப்போய் அரைமணி நேரம் பேசினார். ஜெயவேலு காது கொடுக்கவில்லை. ஐயர் எத்தனை தேங்காயை எடுத்துப் பையில் போடுகிறார் என்பதில் கவனமாக இருந்தார்.

எண்பது மூட்டை லாரியில் வந்து இறங்கியது. தனக்கோடி கொட்டகையில் அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் ஒரு மூட்டையைப் பிரித்த ஜெயவேலு நின்றுவிட்டார். சிமெண்ட் முகத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி வெளுத்திருந்தது. மூட்டைமேல் ‘ஸ்லாக்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை. மகளின் பழைய டிக்‌ஷனரியைப் புரட்டினார். இரும்பு உருக்கும்போது ஒதுக்கும் கசடு என்றது.

சாதாரணத் துப்பறிவாளன் இங்கேயே கத்தியிருப்பான். ஜெயவேலு பக்கத்து மனைக்காரரிடம் ஒரு டப்பா சிமெண்ட் வாங்கி, இரண்டிலும் லட்டு மாதிரி உருண்டை பிடித்து ஜன்னலில் வைத்தார். மறுநாள் காலை பக்கத்து மனை லட்டில் நகம் இறங்கவில்லை. இவருடையதில் இறங்கியது. நாலாம் நாள் உடைத்தார். உள்ளே பாசி மாதிரி பச்சை.

மாப்பிள்ளைக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேட்கச் சொன்னாள் மனைவி செல்லியம்மாள். திருடனைக் கையில் வைத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போகிறவன் மடையன் என்று விளக்கிவிட்டு, மேஸ்திரியைக் கொட்டகைக்கு வரவழைத்து உருண்டையை நீட்டினார்.

“இன்னா மேஸ்திரி இது?”

“மாப்ள சார் அனுப்பிச்ச சரக்குதான் சார். மொதல்ல கொஞ்சம் சோம்பேறியாத்தான் இருக்கும். நாலு நாள் ஜாஸ்தி தண்ணி காட்டினா அப்பால கல்லு.”

“சிமெண்ட்டுல சோம்பேறி சிமெண்ட்டா? சாவி உன்னாண்டதானே கீது? கோவளத்துல உன் வூடு பாதியில நிக்குதே, என் நல்ல சரக்கு அங்க போச்சு, இந்தக் குப்பை இங்க வந்துச்சு. சரியா?”

தனக்கோடி அவரைப் பார்த்தார். எண்பது மூட்டையையும் பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“கரெக்டா புட்ச்சிட்டீங்க சார். நான்தான் மாத்திட்டேன்.”

ஜெயவேலுவுக்குச் சற்று ஏமாற்றம்தான். இன்னும் மூன்று குறுக்குக் கேள்விகள் கைவசம் இருந்தன.

போலீஸ் வேண்டாம் என்று தனக்கோடி காலில் விழுந்தார். எடுத்த சரக்கைச் சுவருக்குப் போட்டுத் தீர்த்துவிட்டதாகவும், தாம்பரத்தில் வேறு எண்பது மூட்டை நல்ல சிமெண்ட் வாங்கி இறக்கிவிடுவதாகவும் அழுதார்.

“இந்தக் குப்பையையும் நீயே அள்ளிகினு போ. ஒரு மூட்டை இங்க இருக்கப்படாது.”

“சரி சார். ஒண்ணே ஒண்ணு. மாப்ள சாருக்கு மட்டும் எழுதிடாதீங்க. மானம் போயிடும்.”

ஜெயவேலு பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, கசடு மொத்தமும் மாட்டு வண்டிகளில் கோவளம் ரோட்டில் மறைகிறவரை எண்ணினார். அந்த வாரம் டீக்கடையில் அந்தப் பச்சை உருண்டையைப் பார்க்காதவர்கள் பாக்கியில்லை.

புது சிமெண்ட்டில் தளம் போட்ட ஒன்பதாம் நாள் மாப்பிள்ளையின் இன்லண்ட் கடிதம் வந்தது. செல்லியம்மாளுக்குக் கேட்கட்டும் என்று ஜெயவேலு உரக்கவே படித்தார்.

‘மாமா, மூட்டையில் ஸ்லாக் என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள், உங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் கம்பி துருப்பிடிக்காமல் காக்க அதைவிட நல்ல சிமெண்ட் இல்லை, உங்கள் மேஸ்திரிகூடக் கடலோரத்தில் தன் வீட்டுக்கு எண்பது மூட்டை வேண்டுமென்று மூன்று கடிதம் போட்டுவிட்டார், பாவம், வெளியாருக்குக் கிடைக்க வழியே இல்லை என்று எழுதிவிட்டேன்.’