சட்டைப் பையில் ஒரு விளக்கு

இணையத்தில் தேடிப் பிடிக்கும் மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்று எங்கள் சட்டைப் பையில் விளக்கு மாட்டிவிட்டார்கள். உண்மை சொன்னால் பச்சை, பொய் சொன்னால் சிவப்பு. ஒருமுறை சிவந்தால் ஒரு வருடத்துக்கு எந்தத் தேடலிலும் பெயர் வராது. டாக்டருக்கும் சொந்தக்காரருக்கும் இந்த விளக்கு கிடையாது.

முகப்பேரில் மரகதம் அக்கா வீட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தேன். போன வருடமும் நான்தான் வந்தேன்.

"ஒரு கோளாறும் இல்லக்கா." விளக்கு பச்சையாக எரிந்தது.

"தெரியும். போன தடவ நீ பாத்த மாதிரியே இருக்கேனா நான்? வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கேங்கிறாங்க."

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வளையல் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. பதில் சொல்லாமல் கிளம்பியிருக்கலாம்.

"அப்படியேதான்க்கா இருக்கீங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைத்தான் பார்த்தார். சிவப்பு வெளிச்சம் அவர் மூக்குக்கண்ணாடியில் தெரிந்தது.

"பொழப்பக் கெடுத்துக்கிட்டியேடா மடையா" என்று சொல்லி டீ போடப் போனார்.

இறங்கும்போது வாஷிங் மெஷின் மெக்கானிக் யாக்கோபு படியேறி வந்தான். அவனும் போன வருடம் இந்த வீட்டுக்கு வந்தவன். எதையும் இரண்டு பேரிடம் கேட்டால்தான் நம் ஆட்களுக்குத் திருப்தி.

"மெஷின்ல என்னண்ணே கோளாறு?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கும். அக்கா உன்கிட்ட ஒண்ணு கேப்பாங்க. உண்மையச் சொல்லிடு. பொய் சொன்னா உன் வேல போறதுதான் மிச்சம்."

குனிந்து பார்த்தேன். பச்சை.