ரோடு தாங்காது

"தேர் கவுந்துதுன்னா யார் பதில் சொல்றது? காலனிக்காரங்க வந்து சொல்லுவாங்களா?"

காலையிலிருந்து காயத்ரி இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பரமசிவம், அம்மன் கோயில் விழாக் கமிட்டித் தலைவர். சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே, "அதான் இன்னைக்கு மெஷின் வருதே. அது சொல்லும்" என்றார்.

அம்மன் கோயில் இருப்பது முச்சந்தியில். கிழக்கே கமிட்டிக்காரர்கள் குடியிருக்கும் தறிக்காரத் தெரு, மேற்கே காலனி. தேர் கிளம்பும்போதே கிழக்கே திருப்பிவிடுவார்கள். திருப்புவதற்குச் சக்கரத்தில் கட்டை போடுகிறவர்கள் காலனி ஆட்கள்தான். தேரை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, இந்தப் பக்கம் வீட்டுக்கு நடந்து போய்விடுவார்கள்.

வருஷா வருஷம் காலனியிலிருந்து யாராவது வந்து, "எங்க தெருவுக்கும் ஒரு நடை தேர் வரட்டுமே" என்று கேட்பார்கள். கமிட்டியும் வருஷா வருஷம் தேனொழுகப் பேசும்.

"எங்களுக்கு என்னப்பா ஆட்சேபணை? அம்மன் எல்லாருக்கும் பொதுதானே! உங்க ரோடுதான் தாங்காது."

காயத்ரி அந்த ரோட்டில் தேர்ச் சக்கரம் புதைவதுபோலக் கனவுகூடக் கண்டிருக்கிறாள். நல்ல நாளும் அதுவுமாக அச்சு முறிந்தால் ஊருக்கு ஆகுமா? கேட்கிறவர்களுக்கு இது புரிய வேண்டாமா?

இந்த வருஷம் கேட்க வந்தவள் காலனி மகளிர் குழுத் தலைவி அகிலா. "தாங்குமா தாங்காதான்னு அளந்தே பாத்துடலாம் சார்" என்றாள்.

பரமசிவத்துக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. "அளக்குற ஆளை நானே கூட்டியாறேன்மா. மெஷின் சொல்றதுக்கு நாங்க கட்டுப்படறோம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அன்று வந்து இறங்கியது சத்யப்ரியா என்ற இன்ஜினியர் பெண். பின்னாலேயே ஜல்லி ஏற்றிய லாரி.

"மொதல்ல எங்க தெருவைப் பாத்துடும்மா" என்றார் பரமசிவம். "நல்ல ரோடு எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே, அவங்களுது எவ்ளோ மோசம்னு தெரியும்."

அவள் தார் ரோட்டில் சின்னத் துளை போட்டு, அதில் கிளிசரின் ஊற்றித் தெர்மாமீட்டரைச் செருகினாள்.

"வீட்டுல எனக்கு ஜுரம்னா ஏன்னு கேக்க ஆளில்ல. ரோட்டுக்குப் பாரு உபசாரம்!" என்றாள் காயத்ரி.

"சூட்டுல தார் இளகும்மா. எவ்ளோ சூடுன்னு தெரிஞ்சாத்தான் கணக்கு சரியா வரும்."

லாரியின் பின்பக்க ஜோடிச் சக்கரங்களுக்கு நடுவே, நீளமான கோல் ஒன்றின் நுனியை நுழைத்தாள். கோலின் மறுமுனையில் கடிகாரம்போல ஒரு முள். லாரி மெல்ல முன்னே நகர்ந்தது. முள் சுற்றியது.

"பாரம் நின்னா ரோடு அமுங்கும், போனா எழும்பும். எவ்ளோ எழும்புதோ, அவ்ளோ அமுங்கியிருந்துச்சுன்னு அர்த்தம்" என்றாள் சத்யப்ரியா.

"எங்க ரோடு எங்கம்மா அமுங்குது? பளபளன்னு இருக்குது பாரு" என்றாள் காயத்ரி.

"மேல இருக்குறது தோல் மாதிரிம்மா. அதுக்கடியில ஜல்லி, அதுக்கடியில கிராவல், அதுக்கும் அடியில மண்ணு. எல்லாம் சேர்ந்துதான் தாங்கணும்."

காலனி ரோட்டையும் அதேபோல இடம் இடமாக அளந்துவிட்டு அவள் முச்சந்திக்கு வந்தபோது, இரண்டு தெருவும் கூடி நின்றது.

"காலனி ரோடு அரை மில்லிமீட்டர்தான் சார் அமுங்குது. தேர் தாராளமா போகலாம். உங்க தெருதான் ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல போவுது. இதுல தேர் விடறது ஆபத்து."

"மாத்திப் படிக்கிறியாம்மா?" என்றார் பரமசிவம்.

"இல்ல சார். உங்க தெருவைக் குழாய்க்கு, பாதாளச் சாக்கடைக்கு, கேபிளுக்குன்னு தோண்டித் தோண்டி மூடியிருக்காங்க. மேல மட்டும் தார் பூசியிருக்குது, அடியில கெட்டியில்ல. காலனியில யாரும் தோண்டவே இல்ல."

"எப்படித் தோண்டுவாங்க?" என்றாள் அகிலா. "எங்களுக்குத்தான் சாக்கடையும் வரல, குழாயும் வரலயே!"

பரமசிவம் தொண்டையைச் செருமினார். "இது லாரிக்கு வெச்ச மெஷின்பா. அம்மன் பாரத்தை மெஷின் அளக்குமா? இத்தனை வருஷமா நம்ம தெருவுல தேர் ஓடலையா? எல்லாம் நம்பிக்கைதான்."

காலையில் மெஷினுக்குக் கட்டுப்பட்டிருந்த கமிட்டி மொத்தமும் இப்போது நம்பிக்கைக்குத் தலையாட்டியது.

"அப்ப எங்க ரோட்டுக்கும் நம்பிக்கையே போதும்ல சார்?" என்றாள் அகிலா.

"அது... கமிட்டி கூடிப் பேசணும்மா. வேற சில விஷயமும் இருக்குது."

காயத்ரிக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னும் என்னங்க பேசணும்? அந்த ரோடு தாங்குது, நம்ம ரோடுதான் தாங்கல. இத்தினி நாளா அச்சு முறியாம இருந்ததே அம்மன் புண்ணியம்! இந்த வருஷம் தேரைக் காலனிப் பக்கமே விட்டுடுங்க. நாம அங்க போயி கும்பிட்டுக்கலாம்."

தறிக்காரத் தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது.

பரமசிவம் பல்லைக் கடித்தார். "நீ வீட்டுக்குப் போ. உனக்கு ஒண்ணும் புரியாது."

"என்ன புரியணும்? ரோடு ஒண்ணுதான் பிரச்சினைன்னு நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க?"

அகிலா காயத்ரியின் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள்:

"ஐயோ அக்கா... இத்தினி வருஷமா நெஜமாவே ரோடுதான்னு நம்பிக்கினா இருந்தீங்க?"